மானிட்டர் இல்லாத முதல் இரவு

பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு குழந்தை வாரக்கணக்கில் இருக்கும்போது, அதன் பெற்றோர் ஒரு திரையைப் பார்த்தே நாளைக் கழிக்கப் பழகிவிடுகிறார்கள். இதயத்துடிப்புக்கு ஒரு நிறம், மூச்சுக்கு ஒரு நிறம், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவுக்கு இன்னொரு நிறம். எண் இறங்கினால் மணி அடிக்கும். நர்ஸ் வந்து குழந்தையின் முதுகை லேசாக வருடிவிடுவார். எண் ஏறும். அப்புறம் ஒரு நாள், "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். எத்தனையோ நாள் காத்திருந்து கேட்ட வார்த்தை. ஆனால் மறுநாள் இரவு, அந்தத் திரை இல்லாத அறையில், குழந்தையின் மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்தே பொழுது விடிகிறது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது கதையின் நல்ல முடிவு. ஆபத்து நீங்கிவிட்டது, குழந்தை வந்துவிட்டது, இனி வாழ்த்துச் சொல்லலாம். உண்மையில் டிஸ்சார்ஜ் அன்று நடப்பது ஒரு ஷிப்ட் மாற்றம். பயிற்சி பெற்ற நர்ஸ்கள் முறைபோட்டு இரவும் பகலும் பார்த்த வேலை, சரியாகத் தூங்கிப் பல வாரமான இரண்டு பேர் கைக்கு வருகிறது. சில வீடுகளில் ஒரே ஒருவர் கைக்கு. அவர்களை விடுவிக்க அடுத்த ஷிப்டுக்கு யாரும் வரப்போவதில்லை. நாம் செய்யும் உதவி இந்த உண்மையிலிருந்து தொடங்கவில்லை என்றால், அது எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் இடம் தவறித்தான் போய்ச் சேரும்.

இது அரிதான நிலைமை இல்லை. கர்ப்பத்தின் 37 வாரம் முடியுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020இல் மட்டும் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. 35 வாரத்தில் பிறந்த பல குழந்தைகளுக்குச் சில நாள் கவனிப்பே போதும். 28 வாரத்துக்கு முன் பிறந்தால் வீடு திரும்ப மாதங்கள் ஆகும். வீட்டில் தேவைப்படும் உதவியும் அந்த அளவுக்கு வேறுபடும்.

"தயார்" என்றால் எதற்குத் தயார்?

மருத்துவமனை பார்ப்பது சில விஷயங்களை. இன்குபேட்டர் இல்லாமல் சாதாரணத் தொட்டிலில் குழந்தையால் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடிகிறதா, எடை ஏறுகிறதா, வாயால் பால் குடிக்கிறதா, மூச்சு நிற்காமல் சில நாள் கடந்திருக்கிறதா. இவையெல்லாம் சரி என்றால் குழந்தை தயார். குடும்பம் தயாரா என்ற கேள்வி, கேட்கப்பட்டாலும், ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. சொட்டுமருந்து எத்தனை, அடுத்த பரிசோதனை என்றைக்கு, எதற்கெல்லாம் அவசரமாக வர வேண்டும் என்று அரை மணி நேரத்தில் சொல்லி முடிப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில் பெற்றோரின் காதில் விழுவது "வீட்டுக்குப் போகிறோம்" என்பது மட்டுமே. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மருத்துவமனைகளிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நான் கேட்பது இதைத்தான்: டிஸ்சார்ஜுக்கு முன் ஓரிரு இரவு பெற்றோரும் குழந்தையும் தனி அறையில் தங்கட்டும். நர்ஸ் கூப்பிடும் தூரத்தில் இருக்கட்டும், ஆனால் பாலும் மருந்தும் டயப்பரும் அழுகையும் முழுக்கப் பெற்றோர் பொறுப்பு. சந்தேகங்கள் அந்த இரவுகளில்தான் வரும். குழந்தைக்கு மூச்சு நின்றால் செய்ய வேண்டிய முதலுதவியையும் பொம்மையை வைத்து அப்போதே கையால் செய்து பழகிவிடலாம். காகிதத்தில் படித்தது அந்த நிமிடத்தில் நினைவுக்கு வராது.

இன்னும் முன்பே தொடங்கலாம் என்பதற்கு எஸ்தோனியாவின் தாலின் நகரத்தில் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1979இல் அங்கே நர்ஸ்கள் போதவில்லை. அதிக் லெவின் என்ற டாக்டர், குறைமாதக் குழந்தைகளின் அன்றாடக் கவனிப்பைத் தாய்மார்களிடமே ஒப்படைத்தார். நர்ஸ்கள் கற்றுக்கொடுப்பவர்களாகவும் மருத்துவ வேலையைப் பார்ப்பவர்களாகவும் இருந்தார்கள். இந்த யோசனையைக் கனடாவில் எடுத்து வளர்த்தார்கள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 26 பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. பெற்றோர் கவனிப்பில் பங்கெடுத்த இடங்களில் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியது, தாய்ப்பால் மட்டும் குடித்து வீடு திரும்பியவர்கள் அதிகம், பெற்றோரின் பதற்றமும் குறைந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனவரும் தன் கையால் தினமும் துடைத்து, உடுத்தி, பால் கொடுத்தவரும் ஒரே மாதிரி வீடு திரும்புவதில்லை.

கங்காரு பராமரிப்பு எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் பற்றாத நிலையில், எட்கர் ரேய் என்ற டாக்டர் தொடங்கியது. குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துக் கட்டிவைப்பது, தாய்ப்பால் கொடுப்பது என்று இரண்டைத்தான் பலரும் சொல்வார்கள். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு: சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பு, ஆனால் விடாமல் பின்தொடர். ஆரம்பத்தில் குழந்தையை அடிக்கடி வரவழைத்து எடை பார்த்து, தாயிடம் பேசி, தேறிய பிறகுதான் இடைவெளி விடுவார்கள். இந்த மூன்றாவதை மட்டும் பல இடங்களில் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். அனுப்புவது நடக்கிறது, பின்தொடர்வது நடப்பதில்லை.

வீட்டில் பயமுறுத்துபவை

முதலில் மூச்சு. குறைமாதக் குழந்தையின் மூச்சு கடிகாரம்போல் சீராக இருக்காது. வேகமாகச் சில மூச்சு, பிறகு 5 முதல் 10 விநாடி வரை ஒரு நிறுத்தம், மறுபடி வேகம். அந்த நிறுத்தத்தைப் பார்க்கும் பெற்றோருக்கு உயிரே போய்விடும், ஆனால் அது பெரும்பாலும் இயல்பானது. 20 விநாடி அல்லது அதற்கு மேல் நிற்பது, அதைவிடக் குறைவாக நின்றாலும் உதடோ முகமோ நீலம் பாய்வது, வெளிறுவது, உடம்பு துவண்டுபோவது — இவைதான் உடனே உதவிக்குக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள். இந்த வித்தியாசத்தை டிஸ்சார்ஜுக்கு முன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையையே காட்டி விளக்கினால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகும். பயத்தில் பலர் கால் உறைபோல மாட்டும் மானிட்டர்களை வாங்குகிறார்கள். வீட்டு மானிட்டர்கள் திடீர் சிசு மரணத்தை, அதாவது காரணம் தெரியாமல் குழந்தை தூக்கத்தில் இறந்துபோவதை, தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அடிக்கடி வீணாக மணி அடித்து இருக்கிற தூக்கத்தையும் கெடுத்துவிடும். டாக்டரே குறிப்பிட்ட காரணத்துக்காக எழுதிக்கொடுத்தால் அது வேறு.

அடுத்தது படுக்க வைக்கும் விதம். மருத்துவமனையில் குழந்தை குப்புறப் படுத்திருப்பதைப் பெற்றோர் வாரக்கணக்கில் பார்த்திருப்பார்கள். மூச்சுக்கு அது உதவும் என்பதால் அங்கே அப்படிப் படுக்க வைப்பதுண்டு, மானிட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் அதையே செய்தால் ஆபத்து. திடீர் சிசு மரணத்துக்கான வாய்ப்பு குறைமாதக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம். வீட்டில் எப்போதும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தட்டையான உறுதியான படுக்கையில், தலையணையும் மெத்தென்ற பொம்மைகளும் இல்லாமல், பெற்றோர் தூங்கும் அதே அறையில், ஆனால் தனிப் படுக்கையில். "அங்கே குப்புறத்தானே போட்டிருந்தார்கள்?" என்று கேட்கும் பெற்றோரின் கேள்வி முற்றிலும் நியாயமானது. அதற்கான பதிலை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பால் கொடுப்பது தனி உழைப்பு. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறன், கர்ப்ப வாரக் கணக்கில், ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கைகூடத் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தை சீக்கிரம் களைத்து, பாதியில் தூங்கிவிடும். பல தாய்மார்கள் மார்பில் கொடுத்து, பிறகு பிழிந்த பாலையோ ஃபார்முலாவையோ கொடுத்து, அப்புறம் பம்ப் வைத்துப் பாலெடுத்து, பாத்திரங்களைக் கழுவி நிமிரும்போது அடுத்த வேளை வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு எட்டு முறை இது. இந்தக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தால், "பகலில் குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு" என்று யாருக்கும் சொல்லத் தோன்றாது.

அதிகம் பேசப்படாத இன்னொன்று, குழந்தையின் மொழி. நிறைமாதக் குழந்தை பசித்தால் ஊரைக் கூட்டும். குறைமாதக் குழந்தையின் சைகைகள் மெல்லியவை. விரல்களை விரித்து நீட்டுவது, கொட்டாவி, விக்கல், தும்மல், முகத்தைத் திருப்பிக்கொள்வது, தோலின் நிறம் மாறுவது — இவற்றில் பலவும் "எனக்கு இப்போது போதும்" என்ற பொருளில் வருபவை. ஹைடலீஸ் ஆல்ஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் குறைமாதக் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்து இந்த மொழியை விவரித்தார். அதன் மேல் ஒரு கவனிப்பு முறையே உருவானது. இது தெரியாதபோது, முகத்தைத் திருப்பும் குழந்தை தன்னை வேண்டாம் என்கிறது என்று ஒரு தாய் நினைத்துக்கொள்கிறாள். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய காயம் என்று யோசித்துப் பாருங்கள். தெரிந்துவிட்டால், கிலுகிலுப்பையை ஆட்டுவதை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, பேசாமல் மார்போடு சேர்த்து வைத்துக்கொள்வாள். தோலோடு தோல் சேர்க்கும் கங்காரு முறையை வீட்டிலும் தொடரலாம், அப்பாவும் செய்யலாம்.

பரிசோதனைகளில் தவறவே விடக் கூடாதது கண் பரிசோதனை. மிகச் சீக்கிரம் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும். சரியான நேரத்தில் பார்த்தால் லேசர் அல்லது ஊசி மூலம் பார்வையைக் காப்பாற்ற முடியும். அந்த நேரம் நாள் கணக்கில் எண்ணக்கூடியது. அதைத் தவறவிட்டால் மீட்பது மிகக் கடினம். பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்தது இந்த நோயால்தான். 1950இல் குறைமாதத்தில் பிறந்தவர் அவர். டிஸ்சார்ஜ் சமயத்தில் இந்தப் பரிசோதனை முடியாமல் பாதியில் இருப்பது சகஜம். வீடு தூரம், கையில் ஒரு குழந்தை, வேலையில் விடுப்பு இல்லை என்றால் அந்த ஒரு தேதி நழுவிவிடும். உறவுக்காரர் ஒருவர் அந்த நாளில் வண்டியோடு வந்து நிற்பதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தோன்றவில்லை. செவித்திறன் பரிசோதனையும் வளர்ச்சிப் பரிசோதனைகளும் அதே குறிப்பேட்டில் இருக்கும்.

வயதை எப்படிக் கணக்கிடுவது என்பதிலும் குழப்பம் வரும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்திக்கொண்டது. அதற்கு ஆறு மாதம் முடியும்போது, வளர்ச்சியைப் பொறுத்தவரை வயது ஏறக்குறைய மூன்று மாதம்தான். இதைத் திருத்திய வயது என்பார்கள். தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, பேச்சு எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பொதுவாகப் பிறந்த தேதிதான் கணக்கு. குழந்தை சின்னதாக இருக்கிறதே என்று தள்ளிப்போடுவது தவறு, ஏனென்றால் நோயால் அதிகம் பாதிக்கப்படுவதும் இவர்கள்தான். தாயிடமிருந்து வர வேண்டிய நோய் எதிர்ப்புப் பொருள்களில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. இரும்புச்சத்தின் சேமிப்பும் அப்படித்தான். அந்த மாதங்கள் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இரும்புச்சத்துச் சொட்டுமருந்து, அதனால்தான் சளி பிடித்தவர்களைக் கிட்ட விடாத கண்டிப்பு.

பெற்றோருக்கு நடப்பது

குழந்தை ஆபத்தில் இருக்கும்வரை பலர் கல்போல நிற்கிறார்கள். வீடு வந்து, கதவைச் சாத்தி, ஓரிரு வாரம் கழிந்த பிறகு உடைகிறார்கள். அதைப் பார்க்கும் குடும்பத்துக்குப் புரிவதில்லை. "குழந்தைதான் நல்லா இருக்கே, இன்னும் எதுக்கு அழற?" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனால் எங்கோ ஒரு கருவி பீப் என்று ஒலித்தால் நெஞ்சு படபடக்கும் தாய்க்கு, மருத்துவமனை அனுபவம் இன்னும் முடியவே இல்லை. குறைமாதப் பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் மனச்சோர்வு 40 சதவீதத் தாய்மார்கள் வரை இருக்கலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நிறைமாதப் பிரசவங்களைவிட இது மிக அதிகம். இதைக் கண்டுபிடிக்க 1987இலேயே எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட படிவம் வந்துவிட்டது, நிரப்பச் சில நிமிடம் போதும். குழந்தைக்கு எடை பார்க்கும் நாளில் தாயிடமும் தந்தையிடமும் இதைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

தந்தை பெரும்பாலும் செய்தி சொல்பவராகவே ஆக்கப்படுகிறார். மருத்துவமனைக்கும் வேலைக்கும் வீட்டுக்கும் ஓடியவரிடம் எல்லோரும் தாயைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் விசாரிப்பார்கள். "நீ தைரியமா இருந்தாத்தான் அவ தைரியமா இருப்பா" என்று ஒரு வரி வேறு. அவர் பேச ஆரம்பிக்கும்போது கேட்க ஆள் இருப்பதில்லை.

இரட்டையரில் ஒன்று வீட்டிலும் ஒன்று மருத்துவமனையிலும் இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஒன்றை இழந்து ஒன்றோடு திரும்பியவர்களும் உண்டு. அவர்களிடம் "ஒண்ணாவது கிடைச்சுதே" என்று சொல்லாதீர்கள். இழந்த குழந்தைக்குப் பெயர் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

பயம் நீண்டு போவதும் உண்டு. 1964இல் மாரிஸ் கிரீன், ஆல்பர்ட் சோல்னிட் என்ற இரு டாக்டர்கள், சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். குழந்தை முழுக்கக் குணமான பிறகும், அது எந்த நேரமும் போய்விடும் என்ற எண்ணம் பெற்றோரை விடவில்லை. அளவுக்கு மீறிப் பாதுகாத்தார்கள், எதையும் மறுக்க முடியாமல் தவித்தார்கள், பிள்ளையின் நடத்தையிலும் படிப்பிலும் அது தெரிந்தது. இதைப் பெற்றோரின் குற்றமாகப் படிக்கக் கூடாது. அவர்களின் பயத்தை உரிய காலத்தில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை என்றே நான் படிக்கிறேன்.

எது பலன் தருகிறது

மெல்பர்னில் 30 வாரத்துக்கு முன் பிறந்த 120 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக் குடும்பங்களுக்கு முதல் ஆண்டில் ஒன்பது முறை பிசியோதெரபிஸ்டும் உளவியலாளரும் வீட்டுக்கே போனார்கள். இரண்டு வயதில் பார்த்தபோது குழந்தைகளின் அறிவுத்திறனிலோ உடல் இயக்கத்திலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் நடத்தை மேம்பட்டிருந்தது, பெற்றோரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. இந்த முடிவை ஏமாற்றமாகச் சொல்பவர்களும் இருக்கலாம். எனக்கு இது மிகப் பெரிய செய்தி. குழந்தையை முன்னிட்டுப் போன கைகள் பெற்றோரைத் தாங்கியிருக்கின்றன, அந்தக் குழந்தை வளரப்போவது அந்தப் பெற்றோரோடுதான்.

டொரன்டோவில் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்து பார்த்தார்கள். முன்பு இதே பாதையில் வந்த ஒரு தாயைப் புதிய தாயோடு தொலைபேசியில் இணைத்துவிட்டார்கள். நான்கு மாதத்தில் அந்தத் தாய்மார்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் குறைவு. "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று சொல்லும் தகுதி எந்த நிபுணருக்கும் இல்லாத ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிப் போவதும், குடும்பங்களுக்குக் கற்பித்தலும் ஆலோசனையும் சக பெற்றோரின் துணையும் இடம்பெற்றிருக்கின்றன.

பக்கத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியது எளிது. "என்ன உதவி வேணும்?" என்று கேட்காதீர்கள். யோசித்துப் பதில் சொல்வதே அவர்களுக்கு இன்னொரு வேலை. "நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து மூத்தவனைக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். அந்த மூத்த பிள்ளை அம்மாவைப் பாதி நாள் பார்க்காமல் இருந்திருக்கிறான், அவனுக்கும் யாராவது வேண்டும். சமைத்ததை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். பம்ப் பாகங்களைக் கழுவி வைக்கலாம். பரிசோதனைக்குக் கூடப் போய், டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளலாம். வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். குழந்தையை முத்தமிட வேண்டாம், சளியோ இருமலோ இருந்தால் வரவே வேண்டாம், புகைபிடித்த சட்டையோடு தூக்க வேண்டாம். இன்னொரு குழந்தையோடு ஒப்பிடும் எந்தக் கேள்வியும் வேண்டாம்.

உறவும் நட்பும் நிரப்ப முடியாத இடம் விடுப்பு. குழந்தை மருத்துவமனையில் இருந்த வாரங்களிலேயே மகப்பேறு விடுப்பின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. குழந்தை வீடு வரும்போது தாய் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். பிரிட்டன் இதற்காகவே ஒரு சட்டம் இயற்றி, பச்சிளம் குழந்தை மருத்துவமனையில் இருக்கும் காலத்துக்கு ஈடாக 12 வாரம் வரை பெற்றோருக்குத் தனி விடுப்பை 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. இந்த விடுப்பு இல்லாத இடங்களில் அந்தச் சுமையை ஒரு நல்ல மேலதிகாரி கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் குடும்பங்கள் நல்ல மனிதர்கள் கிடைப்பதை நம்பி இருக்கக் கூடாது.

திருத்திய வயதுக் கணக்கு இரண்டு வயதோடு நின்றாலும் ஓர் இடத்தில் அது திரும்பி வரும்: பள்ளிச் சேர்க்கை. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குச் சற்று முன் முந்திப் பிறந்த குழந்தை, குறித்த நாளில் பிறந்திருந்தால் அடுத்த ஆண்டுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். இப்போது தன்னைவிடச் சில மாதங்கள் மூத்தவர்களோடு உட்காருகிறது. கவனம் சிதறுவது, கணக்கில் தடுமாறுவது, சத்தத்தில் சட்டென்று களைத்துப்போவது எல்லாம் மிகவும் முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படுபவை. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இது சொல்லித் தரப்படுவதில்லை. அதனால் சேர்க்கும் நாளிலேயே, எத்தனை வாரத்தில் பிறந்தது, குறித்த நாள் எது, எந்தப் பரிசோதனைகள் இன்னும் தொடர்கின்றன என்று ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பாசிரியர் கையில் கொடுப்பது நல்லது. ஓர் ஆண்டு தாமதமாகச் சேர்க்க முடியுமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.